தக்காளி: வெயிலும் அடுப்பும்

மாடித் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் ஆசைப்படுவது தக்காளிக்கு. முதலில் சலித்துப்போவதும் தக்காளியில்தான். செடி தளதளவென்று வளரும். மஞ்சள் பூ கொத்துக் கொத்தாக வரும். அடுத்த வாரம் பார்த்தால் அத்தனை பூவும் மண்மேல் உதிர்ந்து கிடக்கும். உடனே உரக்கடைக்கு ஓடி, பூப் பிடிக்க ஒரு பாட்டில், காய் பெருக்க ஒரு பாட்டில் என்று வாங்கி வந்து தெளிப்பார்கள். அந்தக் காசுக்குச் சந்தையில் பை நிறையப் பழமே வாங்கியிருக்கலாம். குறை உரத்தில் இல்லை, விதைத்த மாதத்தில் இருக்கிறது.

தக்காளிக்கு வெயில் வேண்டும், சூடு ஆகாது. அதன் காட்டு உறவுகள் தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைகளை ஒட்டிய பெரு, ஈக்வடார் பகுதியைச் சேர்ந்தவை. பகலில் பளிச்சென்ற வெயில், இரவில் குளிர். அங்கிருந்து மெக்சிகோவுக்குப் போய்ப் பயிரானது. ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், போர்த்துக்கீசியர் வழியாக நம் பக்கம் வந்து சேர்ந்தது. இத்தனை நாடு சுற்றியும் குளிர்ந்த இரவு வேண்டும் என்ற பிடிவாதத்தை மட்டும் அது விடவில்லை. செடியில் பூ நிற்பது, பழம் சிவப்பது, ஃப்ரிட்ஜில் மணம் போவது, வாணலியில் சத்து மாறுவது எல்லாமே சூட்டின் கணக்குதான். அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சின்னச் சின்னக் கைவேலை.

எந்த மாதம் விதைப்பது

பகலில் 21 முதல் 28 டிகிரி, இரவில் 15 முதல் 20 டிகிரி. இதுதான் தக்காளி விரும்பும் அளவு. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24-க்குக் கீழே இறங்காமல் நின்றால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். ஒரே பூவுக்குள் ஆண் பாகமும் பெண் பாகமும் இருந்தும் கரு கூடாது. சந்தேகம் இருந்தால் ஒரு பூவின் காம்பை உற்றுப் பாருங்கள். நடுவில் சற்று மடிந்த மாதிரி ஒரு கணு தெரியும். கரு கூடாத பூவில் முதலில் அந்தக் காம்பு மஞ்சளாகும். இரண்டு மூன்று நாளில் விரல் பட்டாலே சரியாக அந்தக் கணுவில் ஒடிந்து விழும். காம்பு பச்சையாகவே இருந்து, வாடிய பூவின் அடியில் கடுகளவு பச்சை எட்டிப் பார்த்தால் காய் பிடித்துவிட்டது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தக்காளிக்கு மூன்று பட்டங்களைச் சொல்கிறது: ஜூன்-ஜூலை, நவம்பர்-டிசம்பர், பிப்ரவரி-மார்ச். இது மாநிலம் முழுவதற்குமான பரிந்துரை. உங்கள் ஊருக்கு எது என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னை, கடலூர், டெல்டா மாவட்டங்கள் போன்ற கடற்கரைப் பக்கத்து ஊர்களில் ஆடியில் விதைத்தால், காய் பருக்கும் நேரம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போய் மாட்டும். மாசியில் விதைத்தால் பூக்கும் நேரம் சித்திரை வெயில். ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் தக்காளியை மனதில் வைத்துச் சொல்லவில்லை. கடற்கரை ஊர்க்காரர்கள் ஐப்பசிக் கடைசியில் அல்லது கார்த்திகைத் தொடக்கத்தில், மழை படாத இடத்தில் நாற்று விடுங்கள். மார்கழியில் எடுத்து நட்டால் தை மாத இரவுகளின் குளிர்ச்சியில் பூக்கும், மாசி, பங்குனியில் பழம் கிடைக்கும். வருடத்தில் ஒரு போகம்தான் என்றாலும் அது உறுதியான போகம்.

கோவை, திண்டுக்கல், தேனிப் பக்கம் ஆடிப் பட்டமும் நன்றாக வரும். தென்மேற்குப் பருவக்காற்று இதமாக வைத்திருக்கும், ஐப்பசி மழையும் கடற்கரை அளவுக்கு அடித்துப் பெய்யாது. ஓசூர், ராயக்கோட்டைக்காரர்களுக்கு இந்தக் கவலையே குறைவு. கோடையில் சென்னைக்கு வருகிற தக்காளி கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் வருவதற்குக் காரணமும் இதுதான். இரண்டும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700, 800 மீட்டர் உயரத்தில் இருக்கிற மேட்டு நிலங்கள். அங்கே இரவு குளிரும்.

கோடையிலும் செடியைக் காப்பாற்றியே தீருவேன் என்கிறவர்கள் 35 சதவீத நிழல்வலை கட்டலாம். 75 சதவீத வலை கட்டினால் இலை மட்டும்தான் மிஞ்சும். எந்த வலை கட்டினாலும் இரவுச் சூட்டுக்கு அது பதில் சொல்லாது.

ரகம்

பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 நம் ஊருக்கு நன்றாகப் பழகியது. அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கியது. காய் தட்டையான உருண்டை, காம்பைச் சுற்றித் தோளில் கரும்பச்சை. தொலைதூரம் லாரியில் போனாலும் தாங்கும். மருதம் என்று பெயர் வைத்த கோ 3 குட்டையான, கச்சிதமான செடி. 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நடலாம் என்பதால் தொட்டிக்கும் பைக்கும் ஏற்றது. இலைச்சுருட்டு நச்சுயிரி தொல்லை அதிகம் இருக்கிற இடமென்றால், பெங்களூரில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் நல்லது. இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கிய வீரிய ஒட்டு. ஆனால் அதற்கு ஒவ்வொரு முறையும் விதை வாங்க வேண்டும்.

ஒரு விஷயம் கேட்டு வாங்குங்கள்: செடித் தக்காளியா, கொடித் தக்காளியா? செடி வகை ஓரளவு வளர்ந்ததும் நின்றுவிடும், காயும் சேர்ந்தாற்போல் வரும். கொடி வகை ஏறிக்கொண்டே போகும், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்க்கும். கொடிக்கு ஆறடிக் குச்சியும் வாரம் ஒருமுறை கவனிப்பும் இல்லையென்றால் வேண்டாம்.

விதையிலிருந்து காய் வரை

விதையை நேரடியாகப் பெரிய பையில் தூவாதீர்கள். குழித்தட்டிலோ பழைய டம்ளரிலோ அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நாற்று 25 நாளில் நடவுக்குத் தயார். 40 நாள் ஆன முற்றிய நாற்றை நடுவதைவிட மறுபடி விதைப்பது மேல். நாற்றங்காலை மெல்லிய நைலான் வலையால் மூடி வையுங்கள். இலைச்சுருட்டைக் கொண்டுவரும் வெள்ளை ஈ பெரும்பாலும் நாற்றுப் பருவத்திலேயே வேலையைக் காட்டிவிடும், அது தெரியவருவது ஒரு மாதம் கழித்து.

பை 15 அங்குல உயரமும் அகலமும் இருந்தால் ஒரு செடி. தோட்டத்து மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் அல்லது மக்கிய தொழுவுரம், மூன்றும் சம பங்கு. நார்க்கழிவை இரண்டு முறை தண்ணீரில் அலசிப் போடுங்கள், உப்பு போகட்டும். நடும்போது பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. கீழே இருக்கிற இரண்டு மூன்று இலையைக் கிள்ளிவிட்டு, தண்டைப் பாதிவரை மண்ணுக்குள் விட்டு நடுங்கள். தக்காளித் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். முற்றிய தண்டில் அடிப்பக்கம் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகப் புடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை நோய் இல்லை, மண்ணுக்காகக் காத்திருக்கும் வேர்கள்.

ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். தண்ணீரில் ஒழுங்கு வேண்டும். இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றுவதுதான் தக்காளிக்குச் செய்யும் பெரிய கெடுதல். காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குகிறதே, அந்த நுனி அழுகல் பூச்சியாலோ பூஞ்சையாலோ வருவதில்லை. சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேராததால் வருகிறது. அந்தச் சத்து தண்ணீரோடுதான் நகரும். தண்ணீர் விட்டு விட்டு வந்தால் கடைக்கோடியில் இருக்கிற காய்நுனிக்குப் பங்கு கிடைக்காது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். ஓடு மக்கிச் சத்தாக மாறுவதற்குள் அந்தப் போகமே முடிந்துவிடும். முதலில் தண்ணீரை ஒழுங்காக்குங்கள், மண்மேல் காய்ந்த சருகையோ வைக்கோலையோ இரண்டு அங்குலம் மூடாக்காகப் போடுங்கள். பழுக்கும் நேரத்தில் திடீர் மழை பெய்து பழம் வெடிப்பதும் இதே கதைதான். மழை வரும் என்று தெரிந்தால் செங்காயிலேயே பறித்துவிடுவது புத்திசாலித்தனம்.

பூ வந்ததும் காலையில் எட்டு, ஒன்பது மணி வாக்கில் கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், அசைவு மட்டும் வேண்டும். வயலில் காற்றும் வண்டும் செய்கிற வேலையை, சுவர் சூழ்ந்த மொட்டைமாடியில் உங்கள் விரல்தான் செய்ய வேண்டும். தழைச்சத்தைக் கொட்டாதீர்கள். கரும்பச்சையாக, இலை கனத்துச் சுருண்டு, பூவே இல்லாமல் நிற்கிற செடிக்குப் பெரும்பாலும் தீனி அதிகமாகியிருக்கும். 15 நாளுக்கு ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரம், தேவைப்பட்டால் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா தெளிப்பு, அவ்வளவு போதும்.

கொடி வகையில் இலைக்கும் தண்டுக்கும் இடையில் வரும் பக்கக் குருத்தைக் கிள்ளிவிடலாம். செடி வகையில் கிள்ளினால் காயைத்தான் இழப்பீர்கள். காற்றோட்டத்துக்கு என்று இலைகளையெல்லாம் மொட்டையடிப்பதும் வேண்டாம். மறைப்பில்லாத காயில் வெயில் சுட்டு, தோலில் வெள்ளைத் தழும்பு விழுந்து, அந்த இடம் காகிதம்போல் ஆகிவிடும்.

நட்ட இரண்டு, இரண்டரை மாதத்தில் முதல் பழம் கைக்கு வரும்.

பூச்சி, நோய்

இலை சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, செடி குன்றிப்போனால் அது இலைச்சுருட்டு நச்சுயிரி. மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கி, பாலித்தீன் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பாவம் பார்த்து வைத்திருந்தால் பக்கத்துச் செடிக்கும் பரவும். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடி உயரத்தில் தொங்கவிடுவதும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிப்பதும் வீட்டு அளவுக்குப் போதும்.

காயில் ஓட்டை போட்டு, உடம்பு பாதி உள்ளே பாதி வெளியே என்று இருப்பது காய்ப்புழு. கையால் பொறுக்கலாம். வயல்காரர்கள் 15, 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை துலுக்கச் சாமந்தி நடுவது இதற்குத்தான். தாய்ப்பூச்சி சாமந்தி மொட்டுக்குப் போய் முட்டையிடும். தக்காளி நாற்று 25 நாளாக இருக்கும்போது சாமந்தி நாற்று 40 நாளாக இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் அழகுக்கு இரண்டு சாமந்தி வைத்துவிட்டு, பலன் இல்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. இலைக்குள் வெள்ளைத் திட்டாகச் சுரங்கம் போட்டு, காயில் ஊசி குத்திய மாதிரி ஓட்டை போடுவது வேறொரு புழு. தென் அமெரிக்க ஊசிப்புழுவான அது 2014-ல்தான் இந்தியாவில் தென்பட்டது. சுரங்கம் விழுந்த இலையைப் பார்த்ததும் கிள்ளி அழித்துவிட வேண்டும்.

கடையில் வாங்கும்போது

காய்கறிக் கடையில் இரண்டு குவியல் இருக்கும். தட்டையாக, வரிவரியாக, சாறு கொழகொழவென்று இருப்பது நாட்டுத் தக்காளி. முட்டை வடிவில், தோல் தடித்து, கல்லாக இருப்பது பெங்களூர்த் தக்காளி. இரண்டையும் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நாட்டுப் பழத்தில் விதை அறைகள் அதிகம், அதில் பச்சையும் மஞ்சளுமாகக் கூழ் நிறைந்திருக்கும். பெங்களூர்ப் பழத்தில் அறை இரண்டு மூன்றுதான், சதைதான் அதிகம். நாக்குக்கு ருசி தருகிற குளூட்டமேட்டும் புளிப்பும் சதையைவிட அந்தக் கூழில்தான் கூடுதல். ரசத்துக்கும் குழம்புக்கும் நாட்டுத் தக்காளி என்று பாட்டிமார் அடம்பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. விதையை வழித்து எறிந்துவிட்டுச் சமைக்கச் சொல்லும் குறிப்புகளை, சாண்ட்விச்சைத் தவிர வேறெதற்கும் நான் கேட்பதில்லை. சாலட், சாண்ட்விச், நாலு நாள் வைத்துச் சமைப்பது என்றால் பெங்களூர் வசதி.

தோளில் பச்சை இருக்கிற பழத்தைப் பழுக்கவில்லை என்று ஒதுக்காதீர்கள். காயாக இருக்கும்போது தோளில் கரும்பச்சை இருக்கும் ரகங்களில் பச்சையம் கூடுதல், அதனால் காய்க்குள்ளேயே சர்க்கரை அதிகம் உருவாகும். ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று வியாபாரத்துக்காகத் தேர்ந்தெடுத்த ரகங்களில் இந்தப் பச்சை மங்கிப்போய், இனிப்பும் குறைந்துவிட்டது என்பது 2012-ல் வெளிவந்த மரபணு ஆய்வில் தெரிந்தது. பளபளவென்று ஒரே நிறத்தில் அடுக்கிவைத்த பழம் ருசியாக இல்லையே என்ற புலம்பலுக்கு ஒரு காரணம் இது.

கோடையில் வாங்குகிற பழம் ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. சிவப்பைத் தருகிற லைகோபீன் 30, 32 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது. மஞ்சள் நிறப் பொருள் மட்டும் தொடர்ந்து சேரும். கோடையில் உங்கள் செடியின் பழத்தைச் செங்காயாகப் பறித்து, வீட்டுக்குள் நிழலில் காம்பு கீழே இருக்கும்படி வைத்தால் செடியில் விட்டதைவிட நன்றாகச் சிவக்கும். அவசரமென்றால் காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு வையுங்கள். பழம் வெளியிடும் எத்திலீனே பழுக்க வைத்துவிடும்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? முழுதாகப் பழுக்காததை வைக்கக் கூடாது, அதோடு பழுப்பதே நின்றுபோகும். நன்றாகப் பழுத்ததை இரண்டு மூன்று நாள் வைக்கலாம். ஒரு வாரம் 5 டிகிரியில் வைத்த தக்காளியில் மணம் தரும் பொருள்கள் வெகுவாகக் குறைந்து, வெளியே எடுத்துவைத்த பிறகும் முழுதாகத் திரும்புவதில்லை என்று புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள். பச்சையாகச் சாப்பிட வேண்டியதைக் கூடையில் வையுங்கள். குழம்புக்குப் போகிறதை ஃப்ரிட்ஜில் வைத்தால் பெரிய நஷ்டமில்லை.

சத்து

100 கிராம் தக்காளியில் 94 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். 20 கலோரி, ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக நார்ச்சத்து, 240 மில்லிகிராம் அளவில் பொட்டாசியம், ரகத்தையும் பருவத்தையும் பொறுத்து 14 முதல் 27 மில்லிகிராம் வரை விட்டமின் சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்னபடி பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 65, ஆணுக்கு 80 மில்லிகிராம் விட்டமின் சி வேண்டும். நெல்லிக்காய், கொய்யாவோடு ஒப்பிட்டால் தக்காளி ஏழைதான். ஆனால் நெல்லிக்காயைத் தினமும் சாப்பிடுகிறவர் யார்? தக்காளி தினமும் இலையில் விழுகிறது.

அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகிறது என்பதுதான் சுவாரசியம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2002-ல் தக்காளியை 88 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பார்த்தார்கள். விட்டமின் சி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. லைகோபீனோ இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. புதிதாக எதுவும் உண்டாகவில்லை. செல் சுவருக்குள் சிறைப்பட்டிருந்தது சூட்டில் வெளியே வந்தது. லைகோபீன் எண்ணெயில்தான் கரையும். அதனால் நல்லெண்ணெயில் வதங்கிய தக்காளித் தொக்கிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்கிற அளவு, உப்புத் தூவித் தின்னும் பச்சைத் தக்காளியில் கிடைக்காது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும், மிதக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பச்சையாகச் சாப்பிடுவதில் பலன் இல்லையா? இருக்கிறது, சேர்மானம் சரியாக இருந்தால். கீரை, கேழ்வரகு, பயறு இவற்றில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. கூடவே விட்டமின் சி போனால் எடுத்துக்கொள்ளும். பாசிப்பயறு சுண்டலில் அடுப்பை அணைத்த பிறகு பச்சைத் தக்காளியை நறுக்கிப் போடுங்கள். கேழ்வரகு அடைக்குத் தக்காளி வெங்காயப் பச்சடி தொட்டுக்கொள்ளுங்கள். லைகோபீன் புற்றுநோயைத் தடுக்கும் என்று மாத்திரை விற்கிறார்கள். மாத்திரை வாங்கும் அளவுக்கு அதற்குச் சான்று இல்லை.

தக்காளி விதையால் சிறுநீரகக் கல் வரும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. விதை கல்லாவதில்லை. நம் ஊரில் அதிகம் வரும் கல் கால்சியம் ஆக்சலேட். பாலக்கீரையில் 100 கிராமுக்குப் பல நூறு மில்லிகிராம் ஆக்சலேட் இருக்கிறது, தக்காளியில் மிகக் குறைவு. கவனிக்க வேண்டியவர்கள் வேறு. சிறுநீரகம் செயல்குன்றி, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தக்காளி, அதிலும் சூப், சாஸ், தொக்கு போன்ற சுண்டவைத்த வடிவம், அளவோடுதான். நெஞ்செரிச்சல்காரர்கள் இரவில் குறைத்துப் பார்க்கலாம்.

அடுப்பில்

பருப்போடு தக்காளியைச் சேர்த்து வேகவைக்காதீர்கள். புளிப்பு பருப்பையும் உருளைக்கிழங்கையும் மசியவிடாது. பருப்பு வெந்த பிறகு தக்காளி. குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு விசில் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் கேஸைத்தான் வீணாக்குகிறார்கள்.

ரசத்துக்கு நேர்மாறான விதி: தக்காளிதான் முதலில். நாலு பேருக்கு நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி மூன்று, நெல்லிக்காய் அளவு புளி. தக்காளியைக் கையாலேயே பிசையுங்கள். மிக்ஸியில் அடித்தால் நுரைத்து, நிறம் வெளிறிப்போகும். புளித் தண்ணீரில் தக்காளியும் மஞ்சள் தூளும் உப்பும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, மல்லி போட்டபின் கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டி நடுப்பக்கம் எழும்பும்போது இறக்கிவிட வேண்டும். அந்த நிமிடத்தைத் தவறவிட்டால் வாசனை ஆவியோடு அடுக்களைக்குப் போய்விடும், ரசத்தில் இருக்காது. ஈயச் சொம்பில் வைக்கிறவர்கள், வாங்கியது வெள்ளீயம்தானா என்று நம்பகமான கடையில் உறுதி செய்துகொள்ளுங்கள். காரீயம் கலந்த பாத்திரத்தில் புளிப்பு பட்டால் விஷம். அலுமினியப் பாத்திரத்தில் தக்காளிக் குழம்பை ராத்திரி முழுக்க வைப்பதும் வேண்டாம். இரும்பு வாணலியில் வதக்கினால் உணவில் இரும்புச்சத்து கொஞ்சம் கூடும். வதங்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கறுத்து, இரும்பு வாடை அடிக்கும்.

காய்த்து ஓய்ந்து செடியைப் பிடுங்கும் நாளில் மிஞ்சும் பச்சைக் காய்களை எறிய வேண்டாம். பாசிப்பருப்புக் கூட்டு வைக்கலாம், எள்ளும் காய்ந்த மிளகாயும் வறுத்துச் சேர்த்துத் துவையல் அரைக்கலாம். பச்சைக் காயில் டொமட்டைன் என்ற கசப்புப் பொருள் உண்டு. சமையலில் சேர்க்கிற அளவுக்கு அது ஒன்றும் செய்யாது. இலை, தண்டை மட்டும் சாப்பாட்டில் சேர்க்கக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது.

விலை விழுந்த நாட்களில்

2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறியபோது, தமிழக அரசு சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. வேறு மாதங்களில் ஒட்டன்சத்திரத்திலும் பாலக்கோட்டிலும் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் வயலிலேயே விட்டுவிடுவார்கள். 60 நாளில் காய்த்து, நாலு நாளில் அழுகுகிற பயிருக்கு இந்த ஏற்ற இறக்கம் என்றைக்கும் இருக்கும். வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது, விலை விழும்போது வாங்கிப் பக்குவம் பண்ணி வைப்பது.

தொக்குக்கு 1 கிலோ பழம், 150 மில்லி நல்லெண்ணெய், எலுமிச்சை அளவு புளி, மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு மேசைக்கரண்டி உப்பு, வறுத்துப் பொடித்த கடுகும் வெந்தயமும் ஒவ்வொரு தேக்கரண்டி, பெருங்காயம். பழத்தைக் கழுவி, துணியால் துடைத்து, ஈரம் போனபின் நறுக்குங்கள். பாதி எண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, தக்காளியும் புளியும் போட்டு மிதமான தீயில் கிளறுங்கள். முதல் கால்மணி நேரம் தண்ணீராகக் கொதிக்கும். பிறகு சத்தம் மாறும். சளசளப்பு அடங்கி, சட்டியின் அடியில் கனமாகப் பொத்துப் பொத்தென்று வெடித்துக் கைமேல் தெறிக்கும். அப்போது தீயைக் குறைத்து மிளகாய்த்தூள், உப்பு, மீதி எண்ணெய். கரண்டியால் நடுவில் கோடு போட்டால் கோடு மூடாமல் நின்று, ஓரத்தில் எண்ணெய் பிரிந்தால் பதம். வெந்தயக் கடுகுப் பொடியைக் கடைசியில் தூவி, ஆறியபின் கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். மேலே எண்ணெய் படிந்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். புளியைக் குறைக்காதீர்கள். தக்காளியின் புளிப்பு மட்டும் கெடாமல் காப்பதற்குப் போதாது, அதிலும் இப்போதைய இனிப்பு ரகங்களில். தக்காளியை அப்படியே வேகவைத்துப் பாட்டிலில் அடைத்து வெளியில் வைப்பதும் இதனால்தான் ஆபத்து. அரைத்த விழுதை ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைப்பது அதைவிடப் பத்திரம்.

வற்றல் போடுவதானால் பெங்களூர்த் தக்காளியை வட்டமாக நறுக்கி உப்புப் பிசிறி, சித்திரை வெயிலில் மெல்லிய துணி மூடிக் காய வையுங்கள். ஒரு கிலோவுக்கு 60, 70 கிராம்தான் மிஞ்சும் என்று முன்பே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது. எந்தப் பக்குவத்துக்கும் உதவாத, அமுங்கிப்போன பழத்தையும் எறிய வேண்டாம். அதில் உப்பைத் தொட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்த்தால் பச்சைக்களிம்பு விடும்.

விதை எடுப்பது

ஹைப்ரிட் பழத்தின் விதையை எடுத்து வைத்துப் பயனில்லை. அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. பி.கே.எம். 1, கோ 3 போன்றவற்றில் எடுக்கலாம். நோயில்லாத செடியில் இரண்டாவது அல்லது மூன்றாவது கொத்தில் நல்ல பழத்தைச் செடியிலேயே முழுதாகப் பழுக்க விடுங்கள். கூழோடு விதையை வழித்து, ஒரு டம்ளரில் சிறிது தண்ணீர் விட்டு, மூடாமல் நிழலில் வையுங்கள். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு முளைப்பைத் தடுக்கும், புளித்தால்தான் அது கழலும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்கு மேல் விட்டால் டம்ளரிலேயே முளைத்துவிடும். மேலே மிதக்கும் சக்கையையும் பொக்கு விதையையும் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை வடிகட்டியில் நாலைந்து முறை கழுவுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், தட்டிலோ துணியிலோ பரப்பி நிழலில் காய வையுங்கள். விதைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக, சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமத்தோடு இருந்தால் காய்ந்துவிட்டது. காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரையும் எடுத்த மாதம், வருடத்தையும் எழுதி, மூடி இறுக்கமான டப்பாவில் வைத்தால் மூன்று வருடம்வரை நன்றாக முளைக்கும்.